கடினம் வேறு, கொடுமை வேறு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"கணிப்பொறியில் விளையாட்டு" என்று சொன்னாலே நம் பெற்றோரின் முகம் மாறிவிடுகிறது. "பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு இது தேவைதானா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று நாங்கள் கூறமாட்டோம். ஆயினும் இக்கட்டுரையை இறுதிவரை படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு பெற்றோரையும், அருட்சகோதரிகளையும், ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் வேண்டுகிறோம்.

நாங்கள் எழுத வந்தது சுடுவதும் துரத்துவதுமான விளையாட்டுகளைப் பற்றியன்று. நம் பெற்றோருள் பலர் பிறப்பதற்கும் முன்னரே தோன்றிய 'சாகச விளையாட்டு'களைப் பற்றியது. இவற்றில் ஓட்டம் இல்லை, ஓசை இல்லை, மிகப் பழையவற்றில் படம்கூட இல்லை. நாம் எங்கே நிற்கிறோம், எதிரில் என்ன இருக்கிறது என்பதைக் கணிப்பொறி சில வரிகளில் எழுதிக் காட்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை நாம் ஓரிரு ஆங்கிலச் சொற்களில் தட்டச்சுச் செய்ய வேண்டும். வடக்கே போக வேண்டுமா? 'கோ நார்த்'. விளக்கை எடுக்க வேண்டுமா? 'டேக் லாம்ப்'. அவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விளையாட்டு நம்மைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அது சொல்லி மாளாது!

இத்தகைய விளையாட்டுகள் கடினமாக இருப்பதால்தான் நல்லவை என்பார் ஒரு சாரார். தலைவலியை விலை கொடுத்து வாங்கும் வீண் வேலை என்பார் மற்றொரு சாரார். எங்கள் கருத்து இவ்விரண்டும் அன்று. கடினத்தில் இரு வகை உண்டு. நம்மை வளர்க்கும் கடினம் ஒன்று. கடினம் என்ற வேடத்தில் நம்மை வதைக்கும் கொடுமை மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்து அறியக் கற்பது விளையாட்டுக்கு மட்டுமன்று, படிப்புக்கும் வாழ்வுக்கும் இன்றியமையாதது என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது.

குகை பிறந்த கதை

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் மம்மத் குகை என்னும் மாபெரும் குகை உள்ளது. உலகில் அறியப்பட்ட குகைகளில் மிக நீளமானது இதுவே. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஆறு பேர் கொண்ட ஒரு குழு, அருகிலிருந்த பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொடரும் மம்மத் குகையும் நிலத்தடியில் இணைந்தவையே என்று கண்டறிந்தது. அக்குழுவில் பட்ரிசியா கிரவுதர் என்ற பெண்மணியும் ஒருவர் என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி.

அவருடைய கணவர் வில் கிரவுதர் கணிப்பொறி வல்லுநர். அவரும் குகைகளில் இறங்கி வரைபடம் தயாரித்தவர். பின்னர்க் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தது. தம் பெண் குழந்தைகளை மகிழ்விக்க ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணிய அத்தந்தை, 1975, 1976ஆம் ஆண்டுகளில், தாம் நன்கறிந்த குகையையே ஒரு கணிப்பொறி விளையாட்டாக எழுதினார். 'அட்வென்ச்சர்' என்றும் 'கொலோசல் கேவ்' என்றும் அழைக்கப்படுவது அதுவே. 1977ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் உட்ஸ் என்பவர் அதில் புதிய புதையல்களையும் புதிர்களையும் சேர்த்து விரிவாக்கினார். அவ்வடிவத்தில் முழு மதிப்பெண் 350.

அந்த ஒரு விளையாட்டிலிருந்து ஒரு பரம்பரையே தோன்றியது எனலாம். அதே 1977ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. கல்விக் கூடத்தில் சிலர் 'சோர்க்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினர். 1979இல் அவர்களும் நண்பர்களும் இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளம் தாய் கொலோசல் கேவ் விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்து, தாமே ஒன்றைப் படைக்க எண்ணினார். அவர் கதை அமைக்க, கணவர் நிரல் எழுத, 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. எழுத்து மட்டுமே இருந்த சாகச விளையாட்டில் படங்களும் இடம்பெற்றது அதிலேதான். தம்மைக் கவர்ந்த அந்தப் பழைய குகையை 2023ஆம் ஆண்டில் அவரும் கணவரும் புதிய முறையில் மீண்டும் உருவாக்கி வெளியிட்டார்கள். ஓர் இல்லத்தரசியின் ஆர்வம் ஒரு துறையையே மாற்றியது என்றால் மிகையாகாது.

எங்கள் வெள்ளிக்கிழமைகள்

சென்ற ஜூலை மாதம் எங்கள் கணிப்பொறி மன்றத்தில் ஐவர் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைதான் மன்ற நேரம். ஆசிரியை எங்களுக்கு இந்தக் குகை விளையாட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, "கோடு போடாத நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். எதற்கென்று அப்போது புரியவில்லை. இன்று அந்த நோட்டு முழுவதும் எங்கள் குகைப் படம்தான்!

முதல் நாளே அடி விழுந்தது. வடகிழக்கே போக 'நார்த்ஈஸ்ட்' என்று முழுச் சொல்லாக அடித்தோம். விளையாட்டோ ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே படிக்கும். ஆகவே அதனை 'நார்த்' என்று கொண்டு எங்களை வடக்கே தள்ளிவிட்டது. இச்செய்தி தொடக்கத்தில் வரும் விளக்கவுரையிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டியது எங்கள் பிழையே. வினாத்தாளின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படிக்காமல் விடை எழுதும் பழக்கம் இங்கும் தொடர்ந்தது!

அடுத்து ஒரு சிறு பறவை. அதைப் பிடிக்கக் கூண்டும் இருக்கிறது. ஆனால் பிடிக்கப் போனால் பறவை கலங்கி விலகுகிறது. நாங்கள் உள்ளே வந்தபோது அது அஞ்சவில்லை என்றும், நெருங்கும்போதுதான் அஞ்சுகிறது என்றும் கணிப்பொறி சொல்கிறது. இரண்டு வெள்ளிக்கிழமைகள் இதிலேயே கழிந்தன. "விடையைச் சொல்லிவிடுங்கள் மிஸ்" என்று கெஞ்சினோம். அவர் விடை சொல்லவில்லை. "பறவையிடம் போகும்போது உங்கள் கையில் என்னென்ன இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்தோம். வழியில் கண்டெடுத்த கறுப்புக் கோல் ஒன்று கையில் இருந்தது. கோலைக் கண்டால் பறவை அஞ்சாதா? கோலைக் கீழே வைத்தோம். பறவை கூண்டுக்குள் வந்தது. அன்று நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

இதுவே நேர்மையான பூட்டு. திறப்பதற்குக் கடினம், ஆனால் சாவி நம் கண்முன்னே கிடக்கிறது. திறந்த பிறகு, "அடடா, இது நமக்குத் தோன்றியிருக்க வேண்டுமே!" என்று நம்மையே நொந்துகொள்கிறோம், விளையாட்டை நோவதில்லை.

வேடிக்கையான பூட்டுகளும் உண்டு. ஒரு பறவைநாகத்தை, அதாவது டிராகனைக் கொல்ல வேண்டும். கையில் இருந்த எல்லாவற்றையும் எறிந்து பார்த்தோம். வெறுங்கையாலா கொல்லப் போகிறாய் என்று கணிப்பொறி கேட்டது. கேலி செய்கிறது என்றே நினைத்தோம். எங்களுள் குறும்புக்காரி ஒருத்தி 'யெஸ்' என்று தட்டினாள். டிராகன் செத்தது! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கேட்ட கேள்விக்கு நேராக விடை சொல்வதும் ஒரு வழிதான் என்று அன்று அறிந்தோம்.

சுழல்வழியும் ஆட்டின் கொம்பும்

எல்லாவற்றிலும் கடினமானது சுழல்வழி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே வருணனை. ஓர் எழுத்துகூட மாறாது. வடக்கே போய்த் திரும்பத் தெற்கே வந்தால் புறப்பட்ட இடத்திற்கு வருவதில்லை. வேறெங்கோ போய்ச் சேருகிறோம். நோட்டில் போட்ட படம் நூல்கண்டைப் பூனை இழுத்ததுபோல் ஆயிற்று. கையிலிருக்கும் விளக்கும் இத்தனை அடிகள் வரைதான் எரியும், பிறகு மங்கிவிடும்.

எங்கள் ஐவரில் ஒருத்தி எப்போதும் கடைசி நாற்காலியில் அமர்வாள். அதிகம் பேசமாட்டாள். கணக்கில் எப்போதும் பின்தங்கியிருப்பாள். அதனால் தனக்கு எதுவுமே வராது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அவள்தான் மெல்லச் சொன்னாள்: "எங்க ஊர்ல தாத்தா ஆடு வச்சிருக்காரு. எல்லா ஆடும் ஒண்ணு போலத்தான் இருக்கும். கலந்து போச்சுன்னா தெரியணும்னு கொம்புல சாயம் பூசிடுவாரு. நாமளும் கையில இருக்கிறத ஒவ்வொரு அறையிலயும் ஒண்ணொண்ணா வச்சிட்டே போனா என்ன?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செய்து பார்த்தோம். ஓர் அறையில் சாவிக்கொத்தை வைத்தோம். அடுத்ததில் உணவுப் பொட்டலம். பிறகு தண்ணீர்க் குப்பி, கூண்டு, கோல். அறைகள் ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றில் கிடக்கும் பொருள்கள் வேறு அல்லவா? ஒரு பகுதியை வரைந்தபின் பொருள்களை எடுத்து அடுத்த பகுதியில் வைத்தோம். இரண்டு வாரத்தில் சுழல்வழி முழுவதும் எங்கள் நோட்டுக்குள் வந்துவிட்டது. கடற்கொள்ளையன் எங்களிடமிருந்து பறித்துச் சென்ற புதையலும் அவனுடைய பெட்டியும் அங்கே ஒரு மூலையில் இருந்தன!

கொள்ளையனின் பெட்டியைவிட அன்று நாங்கள் கண்டெடுத்த பெரும் புதையல் எங்கள் தோழியே. அவளைப் பற்றி மீண்டும் கூறுவோம்.

கள்ளப் பூட்டுகள்

இனி மற்ற வகையைக் காண்போம். 1984ஆம் ஆண்டு இன்ஃபோகாம் வெளியிட்ட 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற விளையாட்டை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கினர். அதில் எல்லா மொழிகளையும் புரியவைக்கும் ஒரு மீனைக் காதுக்குள் பெற வேண்டும். பொத்தானை அழுத்தினால் மீன் வெளியே பாய்ந்து எதிர்ச் சுவரிலுள்ள துளைக்குள் போய்விடும். துளையை மறைக்க அங்கியை மாட்டினால், மீன் தரையிலுள்ள வடிகாலில் விழுந்துவிடும். வடிகாலைத் துண்டால் மூடினால், சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று ஓடிவந்து அள்ளிச் சென்றுவிடும். அதன் வழியைப் பையால் மறைத்தால், மேலே பறக்கும் மற்றோர் இயந்திரம் பிடித்துக்கொள்ளும். அதற்கு வேறு வேலை கொடுக்க, பையின்மேல் வேண்டாத தபால்களை அடுக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் மீன் நம் காதில் விழும்.

ஒவ்வொரு தோல்வியும் அடுத்த படியைக் காட்டுகிறது அல்லவா? இதுவரை இது மிக நேர்மையான புதிர். ஆனால் அந்த வேண்டாத தபால்கள் எங்கே கிடைக்கும்? கதையின் தொடக்கத்தில், கதாநாயகனின் வீட்டு வாசலில்! அப்போது அவற்றை எடுக்கத் தவறியிருந்தால் திரும்பிப் போக வழியில்லை. ஏனெனில் வீடு மட்டுமன்று, பூமியே அதற்குள் அழிந்துவிட்டது. ஒரே புதிரின் நான்கு படிகள் நல்லாசிரியரைப் போலவும், ஐந்தாம் படி கள்வனைப் போலவும் அமைந்திருக்கும் விந்தையைப் பாருங்கள்! அந்த மீனைப் பெற்றவர்கள் அணிந்துகொள்ள, "நான் பெற்றுவிட்டேன்" என்று பறைசாற்றும் சட்டைகளைக்கூட அந்நிறுவனம் விற்றதாம்.

ராபர்ட்டா வில்லியம்ஸின் 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையில் 1990இல் வந்த ஐந்தாம் விளையாட்டிலும் இத்தகைய பொறிகள் உண்டு. ஒரு பூனை எலியைத் துரத்துகிறது. அந்த நொடியில் ஒரு பழைய காலணியை எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். தவறினால் அப்போது ஒன்றும் நேராது. விளையாட்டு தொடர்ந்து நடக்கும். வெகுநேரம் கழித்துப் பகைவர்கள் நம்மைக் கட்டிப்போடும்போது, கயிற்றைக் கடித்து விடுவிக்க அந்த எலி இருக்காது. எந்த இடத்தில் தவறினோம் என்று அப்போதும் யாரும் சொல்லமாட்டார்கள்.

1991இல் வந்த 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில் வேறு வகைத் தொல்லை. நீர்க்குழாயின் திருகைத் திருப்ப ஒரு குரங்கை மயக்கி, அதனையே கருவியாகப் பயன்படுத்த வேண்டும். காரணம் என்ன? அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அச்சொல்லை அறிந்தவர் சிரிப்பார். 'ஸ்பேனர்' என்று மட்டுமே கேட்டு வளர்ந்த நாம் என்ன செய்வோம்? அறிவு குறைந்ததால் அன்று, பிறந்த ஊர் வேறானதால் தோற்கிறோம். நன்றாகப் படித்தும் வினா எழுதப்பட்ட ஆங்கிலம் புரியாமல் மதிப்பெண் இழந்த தோழியருக்கு இந்த வேதனை தெரியும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. சில மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய கதையை வாரக்கணக்கில் நீட்டியது அதன் கடினமே. மேலும், புதிரை அமைப்பவருக்கு விடை முன்பே தெரியும். விடை தெரிந்தவருக்கு எந்த வினாவும் எளிதாகவே தோன்றும்! கெட்ட எண்ணம் இல்லாமலும் கொடுமை நிகழலாம் என்பதற்கு இது சான்று.

இதனை உள்ளிருந்தே எதிர்த்தவர் ஒருவர் உண்டு. ரான் கில்பர்ட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 1989ஆம் ஆண்டு, சாகச விளையாட்டுகள் ஏன் சலிப்பூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். செத்துச் செத்துத்தான் பாடம் கற்க வேண்டும் என்ற நிலை கூடாது. முன்பு எடுக்கத் தவறிய பொருளுக்காகத் திரும்பிப் போக முடியாமல் வழியை அடைக்கக் கூடாது என்பன அவர் கூறிய நெறிகளுள் சில. 1990இல் அவர் வெளியிட்ட முதல் 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் அந்நெறிகளைக் கடைப்பிடித்தார். அதில் கதாநாயகன் சாவது ஏறத்தாழ இயலாது. நீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று பெருமை பேசும் அவனைப் பத்து நிமிடத்திற்கு மேல் அங்கேயே விட்டுவைத்தால்தான் உண்டு! சாவு இல்லாததால் விளையாட்டு எளிதாகிவிட்டதா? இல்லை. கடினம் இருந்தது, அச்சம் மட்டுமே நீங்கியது. குரங்குத் திருகியும் அவர் கைவண்ணமே என்பது வேறு செய்தி. நெறி வகுத்தவரும் சறுக்கலாம்!

மறைந்திருக்கும் மை

இன்ஃபோகாம் விளையாட்டுகளுக்கு விநோதமான துணைநூல்கள் இருந்தன. அவற்றில் வினாக்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருக்கும். கூடவே வரும் தனிப் பேனாவால் தேய்த்தால் எழுத்துகள் மெல்லத் தோன்றும். ஒவ்வொரு வினாவுக்கும் பல குறிப்புகள். முதல் குறிப்பு இலேசாகத் தூண்டும். அடுத்தது சற்று நெருங்கும். கடைசியில்தான் முழு விடை. எவ்வளவு தேவையோ அவ்வளவே தேய்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அருமையான ஏற்பாடு! பறவையைப் பற்றி எங்கள் ஆசிரியை கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி இத்தகைய முதல் குறிப்பே என்று பின்னர் உணர்ந்தோம்.

இன்று நம் நிலை என்ன? கைப்பேசியை எடுத்தால் முழு விடையும் ஒரே நொடியில் கிடைக்கிறது. எங்களுக்குள்ளும் ஒருத்தி ஒரு வாரம் வீட்டில் விடையைப் பார்த்துவிட்டு வந்து, "பாம்பின் முன்னால் பறவையைத் திறந்து விட்டால் போதும்" என்று சொல்லிவிட்டாள். பாம்பு ஓடிவிட்டது, வழி திறந்தது. ஆனால் யாரும் கூச்சலிடவில்லை. அன்று விளையாட்டு முன்னேறியது, நாங்கள் முன்னேறவில்லை. அதன்பின் எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். முதலில் நாமே முயல்வது. பிறகு ஒருவரையொருவர் கேட்பது. பிறகு ஆசிரியையிடம் ஒரு குறிப்புக் கேட்பது. கைப்பேசி எல்லாவற்றிற்கும் கடைசி. இந்த விதியைப் பாடத்திலும் பின்பற்றப் பார்க்கிறோம். எப்போதும் வெற்றி பெறுகிறோம் என்று சொன்னால் அது பொய்யாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குகை விளையாட்டில் 350க்கு 349 வரை முயன்று பெற்றுவிடலாம். கடைசி ஒரு மதிப்பெண்ணுக்கு, குகையில் கிடக்கும் ஓர் இதழைக் குறிப்பிட்ட ஓர் அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கு உருப்படியான குறிப்பு எதுவும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் கைப்பேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதற்காக நாங்கள் வெட்கப்படவில்லை. குறிப்பே தராத வினாவுக்கு விடை தெரியாதது யாருக்கும் இழுக்கன்று.

எங்கள் தோழியின் காலணி

இப்போது கடைசி நாற்காலித் தோழியிடம் வருவோம். அவளுடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் பெற்றது 19. "பத்தாவதில் கணக்கில் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளட்டும்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. தையல் தாழ்ந்த தொழில் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் அது அவள் விரும்பித் தேர்ந்ததன்று. "எனக்கு மண்டையில் ஏறாது" என்று அவள் சொன்னபோது எங்களுக்கு நம்ப முடியவில்லை. யாருக்கும் வழி தெரியாத சுழல்வழியைத் திறந்த மண்டை அல்லவா அது?

மதிய இடைவேளையில் அவளுடைய விடைத்தாளை ஐவரும் சேர்ந்து பார்த்தோம். சமன்பாடுகளை முறையாகவே தொடங்கியிருந்தாள். படிகள் சரி, வரிசை சரி. ஆனால் எங்கே பின்னம் வருகிறதோ அங்கே விடை சரிந்துவிடுகிறது. அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள்! அரையோடு ஒன்றைக் கூட்டிய பின் அரையைவிடக் குறைவாக எப்படி வரும்? விசாரித்தபோது உண்மை தெரிந்தது. ஆறாம் வகுப்பில் அவளுக்கு அம்மை போட்டு மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் வகுப்பில் பின்னக் கூட்டல் நடந்திருக்கிறது.

தோழியரே, கதையின் தொடக்கத்தில் எடுக்கத் தவறிய தபால் இதுதானே! எறியத் தவறிய காலணி இதுதானே! அன்று ஒன்றும் நேரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று வகுப்புகள் நகர்ந்தன. தாள்தோறும் சிவப்பு மையில் தவறு என்ற குறி விழுந்தது. ஆனால் எந்த இடத்தில் வழி தவறியது என்பதை அக்குறி சொல்லவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கும்போது ஒருத்தியின் மூன்று வாரத்தை யார் நினைவில் வைத்திருக்க முடியும்? ஆயினும் தன்னால் இயலாது என்று அவள் நம்பியது எவ்வளவு பெரிய அநீதி!

நல்ல வேளையாக, விளையாட்டில் அழிந்த பூமிக்குத் திரும்ப முடியாது; ஆறாம் வகுப்புக்கோ திரும்ப முடியும். அவளுடைய தம்பியின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். தினமும் மதியம் இருபது நிமிடம். முதல் நாள் சப்பாத்தியைக் கிழித்துப் பின்னம் படித்தோம். விடையை நாங்கள் சொல்வதில்லை. மறைந்த மைபோல் ஒவ்வொரு குறிப்பாகவே கொடுத்தோம். அரையாண்டுத் தேர்வில் அவள் பெற்ற மதிப்பெண் 41. பெரிய எண் அன்றுதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு பின்னக் கணக்குகூடத் தவறவில்லை. வீட்டில் தையல் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. பொதுத்தேர்வு இன்னும் வரவில்லை. ஆகவே வெற்றி முழக்கம் செய்ய நாங்கள் துணியவில்லை.

எங்கள் வேண்டுகோள்

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை ஒரு புதிரின்முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தால், அது எத்தகைய புதிர் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். பொழுதை விழுங்கும் விளையாட்டும் உண்டு. பொறுமையைக் கற்பிக்கும் விளையாட்டும் உண்டு. பழைய விளையாட்டுகள் பலவற்றை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணையக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது; குடும்பமாகச் சேர்ந்தே முயன்று பார்க்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒன்று: எங்களுக்கு எளிய வினாக்கள் வேண்டாம், கடினமானவற்றையே கொடுங்கள். ஆனால் தவறும்போது, எங்கே தவறினோம் என்று காட்டும் ஒரு சிறு குறிப்பையும் தாளில் எழுதிக் கொடுங்கள். நோயுற்று விடுப்பில் இருந்த மாணவி விட்டுப்போனதை எடுத்துக்கொள்ளத் திரும்பி வர ஒரு வழி வையுங்கள். நாங்களே ஒருவருக்கொருவர் அந்த வழியில் துணை நிற்கிறோம். அதற்கு மதிய வேளையில் ஓர் அறை தந்தால் போதும்.

நமக்கும் ஒன்று: பூட்டைக் கண்டவுடன் அழவும் வேண்டாம், கைப்பேசியைத் தேடவும் வேண்டாம். கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். எல்லா முயற்சிக்குப் பிறகும் திறக்காவிட்டால், "நான் முட்டாள்" என்று முடிவு கட்டும் முன், "எங்கோ தொடக்கத்தில் எதையோ எடுக்காமல் வந்துவிட்டேனோ?" என்று கேட்டுப் பார்ப்போம். கேட்டபின் திரும்பி நடக்க வெட்கப்படாதிருப்போம்.

ஒன்றுபோல் தோன்றும் அறைகளில் நாம் அனைவரும்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். முன்னே செல்பவர் பின்னே வருபவருக்காக ஒரு சாவிக்கொத்தையோ ஒரு குப்பியையோ அடையாளமாக வைத்துச் செல்வோமாக!